நேற்று அரைத்த மா

திங்கட்கிழமை கடை பூட்டு.
முதலாளி ஹிராயாமா வேன் பிடித்தார்.
சமைக்கிறவர், கழுவுகிறவர், பரிமாறுகிறவர்
எட்டுப் பேர்
சாக்கே வடிக்குமிடம் பார்க்கப் போனோம்.
பதினொரு வருடம்
அந்தப் போத்தல்களைத் திறந்தவன் நான்,
உள்ளே இருப்பது எதில் செய்ததென்று கேட்டதில்லை.
அரிசி, என்றான் பக்காரி.
அரிசியா?
நாளுக்குப் பதினாறு கிலோ அவிக்கிறேன்,
என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை.

முதலாவது மொந்த்ரோயில்,
முன்பு கார் திருத்திய கொட்டகை.
தாடிக்காரப் பொடியன் வைன் கிளாசில் ஊற்றி
பேரிக்காய் மணக்கிறதா என்றான்.
மணந்தது.
சுவரில் இன்னும் டயர் விலைப்பட்டியல்.
அரை மணியில் வெளியே வந்துவிட்டோம்.

பிறகு நெடுஞ்சாலை, தை மாதத்துப் புகார்,
வாய் திறந்து தூங்கும் சுதேகா,
யோன் ஆற்றைத் தாண்டினால் ஜுவாஞி.
திராட்சைக்காரர் விட்டுப்போன நிலவறை வாசலில்
றப்பர் பூட்ஸோடு நின்றாள் க்வெனயேல்.
கதவைத் திறக்குமுன் கேட்டாள்:
காலையில் யாராவது நாத்தோ சாப்பிட்டீர்களா?
ஹிராயாமா மூன்று நாளாய்த் தொடவில்லையாம்.
வேறு புளித்தது ஏதாவது?

நான் வாயை மூடியிருக்கலாம்.
தோசை, என்றேன்.
அது என்ன?
அரிசியும் உளுந்தும் ஊறவைத்து அரைத்து
ஹீற்றருக்குப் பக்கத்தில் இரவு வைத்தால்
விடியச் சட்டி மூடியைத் தள்ளும்.
எந்தக் கிருமி?
தெரியாது.
எங்கே வாங்குகிறீர்கள்?
வாங்குவதில்லை. கையால் கரைப்போம்,
கையிலிருந்தே வரும்.

அவள் என் கையைப் பார்த்தாள்.
இந்த நாட்டில் என் பத்து விரலையும்
கண்ணாடியில் அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறார்கள்,
நாலு தரம், நாலு அலுவலகத்தில்.
ரேகைகளுக்குள் ஒரு ஊரே குடியிருப்பதை
இவள்தான் கண்டுபிடித்தாள்.
மன்னியுங்கள், என்றாள்,
நீங்கள் உள்ளே வரமுடியாது.
நிராகரிப்புக் கடிதங்கள் எனக்குப் புதிதல்ல.
இவ்வளவு மரியாதையாய் ஒன்றும் வந்ததில்லை.

கதவில் ஒரு வட்டக் கண்ணாடி.
உள்ளே வெள்ளைத் தொப்பி போட்ட ஏழு பேர்
சத்திரசிகிச்சைக்கு நிற்பதுபோல்.
பரப்பிய சோற்றில் க்வெனயேல்
பச்சைப் பொடியைத் தூவினாள்,
மூச்சை அடக்கிக்கொண்டு.
பூஞ்சணம்!
என் சோற்றில் அது பூத்தால் வாளிக்குள் போகும்.
இங்கே அதற்குப் போர்வை, வெப்பமானி,
இரவில் இரண்டு முறை எழுந்து பார்க்க ஆள்.

கழுவுமிடத்துக்குத் தடையில்லை.
அங்கே லோய்க் என்றொருவன்
ஓட்டப்பந்தயக் கடிகாரத்தோடு
அரிசியை ஊறவிட்டான்.
எட்டு நிமிடம் நாற்பது செக்கன்.
பத்துச் செக்கன் கூடினால் பாழ், என்றான்.
நான் உளுந்தைப் போட்டுவிட்டு
வேலைக்குப் போய் வருகிறவன்.
ஒரு மணியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான்:
கமார்க் அரிசி, தீட்டித் தீட்டிப் பாதி போய்
ஊசிமுனை வெள்ளை மட்டும் மிச்சம்.
போன பாதி?
மூலையில் சாக்கு சாக்காய் மா.
பன்றிப் பண்ணைக்காரன் வெள்ளிக்கிழமை வருவான்.
கையை விட்டுப் பார்த்தேன்,
என்ன மென்மை,
சட்டென்று நினைவு வந்து இழுத்துக்கொண்டேன்.
பன்றிகள் ஒன்றும் கேட்காது, என்று சிரித்தான்.
ஒரு பையில் இரண்டு கிலோ கட்டித் தந்தான்.

அவர்கள் வெளியே வந்தார்கள்
முகம் சிவந்து,
அவித்த செஸ்நட் மணத்தோடு.
நீல வளையமிட்ட கிண்ணத்தில் எனக்கும் ஊற்றினாள்.
முதலில் தண்ணீர். பிறகு சோறு.
சோறு போனபின், வெகுநேரம் கழித்து,
நாக்கின் ஓரத்தில்
காலையில் சம்பல் இருந்த இடத்தில்
மெல்லிய ஒரு புளிப்பு.
இருக்கிறது, என்றேன் தமிழில்.
ஹிராயாமா தலையாட்டினார், விளங்கியதுபோல.

பரிசுக்குள் நுழைய ஒன்றரை மணி நேர நெரிசல்.
பை மடியில்.
வீட்டில் ஹீற்றருக்குப் பக்கத்தில் சட்டி,
நேற்று அரைத்த மா,
மூடியை ஒரு விரல் தள்ளியிருந்தது.
கரைக்கக் கை நீட்டினேன்.
அவள் தடவச் சொன்ன மருந்து
இன்னும் மணத்தது விரல்களில்,
நகத்துக்குள் லோய்க்கின் வெள்ளை மா.

நின்றேன்.
எங்கே போனாய், எதைத் தொட்டாய் என்று
இப்போது இது கேட்கிறது.