சைக்கிள் மணி

எனக்குக் கொடுத்தது மணி அடிக்கிற வேலை.
ஆளுக்கு ஐந்து நிமிடம்.
தாண்டினால் யாரென்று பார்க்காதே,
அடித்துவிடு என்றார்கள்.
செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய புது சைக்கிள் மணி
மேசை விளிம்பில் திருகியிருந்தது.
என் கட்டைவிரலுக்கு அன்று ஒரு பதவி.

ஐந்து ரோடு, மெத்தைக் கடைக்கு மேல் மூன்றாம் மாடி.
நாற்பது நாற்காலி, ஐம்பத்திரண்டு பேர்.
மத்தியானம் வளைகாப்பு நடந்த ஹால்.
சுவரில் கழற்றாமல் விட்ட ஜிகினா எழுத்துகளின் மேல்
புரொஜெக்டர் வெளிச்சம் விழ,
தரவுத்தளம் பற்றிய முதல் பேச்சு முழுவதும்
பிறக்காத ஒரு குழந்தைக்கான வாழ்த்துக்குள் நடந்தது.

நஸ்ரீன், ஜவ்வரிசி ஆலைக்காக ஒரு கருவி செய்திருக்கிறாள்.
களத்தில் மாவு காயும்போது மேகம் திரண்டால்
முதலாளி போனுக்குச் செய்தி போகும்.
“செய்தி போறதுக்குள்ள மழை போயிடுச்சுங்க” என்று
அவளே சொல்லிவிட்டாள்.
சிரிப்பு அடங்க இருபது விநாடி ஆனது.
அதையும் அவள் கணக்கில்தான் எழுதினேன்.

கோகுலநாதனின் லேப்டாப்பைத் திரை ஏற்கவேயில்லை.
ஒயரை மாற்றினார்கள், முனையை ஊதினார்கள்,
அணைத்துவிட்டுப் போடு என்றது பின்வரிசை,
அந்த ஹாலில் பாதிப் பேருக்குச் சோறு போடும் மந்திரம் அது.
நான்காவது நிமிடத்தில் அவன் ஜன்னலைக் காட்டினான்.
“அதோ ஏற்காடு மலைப்பாதை.
ஒவ்வொரு வண்டி லைட்டும் ஒரு டேட்டா பாக்கெட்னு வெச்சுக்குங்க.”
ஐம்பத்திரண்டு தலைகளும் திரும்பின.
ஒரு விளக்கு ஏறியது, வளைவில் மறைந்தது.
அடுத்த வளைவில் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம்.
அடித்தேன்.

பிறகு அங்கமுத்து.
சிவதாபுரம், கொலுசுப் பட்டறைக் கணக்கர்,
சட்டைப் பையில் இரண்டு பேனா.
ஸ்லைடு கிடையாது. கையில் ஒரு துண்டுச் சீட்டு.
யூடியூப் பார்த்து நிரல் எழுதக் கற்றாராம்.
தராசைக் கம்ப்யூட்டரோடு இணைத்தாராம்:
ஆளுக்குக் கொடுக்கும் வெள்ளி, திரும்பி வரும் வெள்ளி,
சாயங்காலம் கூட்டி அள்ளும் தூசி உட்பட.
மாசக் கடைசியில் நாற்பது கிராம் குறைந்தது
ஒரே ஆள் பேரில்.
பதினோரு வருஷம் பற்றவைத்த ஆள்.
முதலாளி ஒரு வார்த்தை கேட்கவில்லை,
திரையைத்தான் காட்டினார்.

“மூணு வாரம் கழிச்சு பார்த்தேன்.
திரும்பி வர்ற எடையில மட்டும்
நூறு மில்லிக்குக் கீழே இருந்ததை
என் நிரல் வெட்டி வெட்டிப் போட்டிருக்கு.
ஒரு பூஜ்யம்ங்க, ஒரே ஒரு பூஜ்யம்.
அவர் இப்ப ஈரோட்டுப் பக்கம்னு சொல்றாங்க.
போன் எடுக்கல.
அதனாலதான் நான்”

விரல் இறங்கிவிட்டது.
என்னைக் கேட்காமல் இல்லை, கேட்டுத்தான்.
கடிகாரம் சரியாக ஐந்தைக் காட்டியது.
வாக்கியம் அங்கேயே நின்றது.
கைதட்டல் அதன் மேல் ஏறிப்போனது.
அவர் சீட்டை நான்காக மடித்துப்
பேனாக்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார்.

அதற்குப் பின் ஆறு பேச்சு.
எதுவும் நினைவில்லை.
பாஸ்வேர்டு பற்றி ஒருத்தி நன்றாகப் பேசினாள் என்றார்கள்.

இடைவேளையில் தட்டுவடை செட் வந்தது.
பீட்ரூட்டும் காரச் சட்னியும் விரலெல்லாம் வழிய
அவரைத் தேடிப் போனேன்.
மாடிப்படியில் நின்றிருந்தார், தட்டு காலி.
மன்னிக்கணும் சார், முடிக்க விட்டிருக்கணும் என்றேன்.
சொல்லுங்க, அதனாலதான் நீங்க?

விரலை நக்கிக்கொண்டு யோசித்தார்.
“நல்லவேளை அடிச்சீங்க.
அதுக்கப்புறம் என்கிட்ட ஒண்ணுமில்ல.”
பிறகு, இன்னொரு செட் கிடைக்குமா என்று கேட்டார்.

பத்து மணிக்கு ஸ்பேனர் வைத்து மணியைக் கழற்றினேன்.
அடுத்த மாதம்வரை உன்னிடமே இருக்கட்டும் என்றார்கள்.
ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டேன்.
அஸ்தம்பட்டி தாண்டும்வரை
ஒவ்வொரு வேகத்தடைக்கும்
அது தானாக ஒருமுறை அடித்தது.