ஏழாவது பொருள்

கரையான் மருந்து அடித்த மறுநாள்
பதிவறை அலமாரியின் மூன்றாம் தட்டு
என் மடியில் சரிந்தது.
வீட்டு வரி, ஜனன மரணம், காலரா வருஷத்துப் பட்டியல்,
ஓடையில் விழுந்த எருமைக்கு நஷ்டஈடு
நாற்பது சக்கரம், பெற்றுக்கொண்டவர் கைநாட்டு.
அடியில் ஒரு தீர்மானப் புத்தகம்.

கொல்லம் ஆண்டு 1132, ஐப்பசி 15.
தபால்காரர் கணக்கில் அது
1956, அக்டோபர் 31.
மாலை மணி மூன்று. நகரசபை மண்டபம். மழை.
மழையைக் குறிக்க விதியில் இடமில்லை.
எழுத்தர் கேசவக் குறுப்பு குறித்திருக்கிறார்,
அவர் தமிழில் 'ழ' மட்டும்
மலையாளத்தில் நனைந்து நிற்கிறது.

தலைவர் மீரான் ராவுத்தர்.
பதின்மூன்று பேரில் வந்தவர் ஏழு.
சந்தை ஏலம், சம்மதம்.
தோட்டிகளுக்குக் கம்பளி, பாதிப் பேருக்குச் சம்மதம்.
நாலாவது பொருள்:
நாளை முதல் எந்த சர்க்காருக்குக் கடிதம் போடுவது?
"நாளைக்குத் தெரியும்" என்றாராம் தலைவர்.
அதையும் எழுதியிருக்கிறார் குறுப்பு.

ஏழாவது:
சுங்கன்முக்கில் ஒரு விளக்குக் கம்பம்.
மரியநேசன் எழுந்து சொல்கிறார்,
போன மாசம் இருட்டில் இரண்டு வண்டி முட்டி
ஒரு மாடு கொம்பொடிந்தது.
ஆவுடைநாயகம் பிள்ளை குறுக்கிடுகிறார்:
கம்பம் நம்முடையது, சரி.
நாளையிலிருந்து வெளிச்சத்தில் பாதி
அந்தப் பக்கம் விழுமே,
அந்தப் பாதிக்குக் கரண்டு கூலி யார் தருவது?

யாரும் சிரித்ததாகக் குறிப்பில்லை.
கொல்லம் ரயிலைப் பிடிக்க இருவர் எழுந்துபோக
கோரம் போயிற்று.
ஒத்திவைக்கப்பட்டது.
அடுத்த பக்கம் வெறுமை.
அடுத்த புத்தகம் வேறு சர்க்கார் அச்சடித்த தாளில்
சாக்கடைத் தீர்மானத்தோடு தொடங்குகிறது.

வாய் சும்மா இருக்கவில்லை எனக்கு.
இந்த மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில்,
குப்பை வண்டி டயருக்கும் கொசு மருந்துக்கும் நடுவில்,
'நிலுவைப் பொருள்' என்று தட்டச்சு செய்துவிட்டேன்.

"செண்பகவல்லி, இது என்ன?" என்றார் தலைவி ரஹிலா.
"நிலுவைங்க மேடம்."
"எவ்வளவு நாளா?"
சொன்னேன்.
ஒன்பதாம் வார்டு ஞானதிரவியம் மேஜையைத் தட்டி
ஆளுங்கட்சியின் அலட்சியம் என்றார்,
எந்த ஆளுங்கட்சி என்று கேட்டதற்கு
வெளிநடப்பு செய்தார்.
மிச்சமிருந்தவர்கள் ஏகமனதாக நிறைவேற்றினார்கள்.
கோரம் இருந்தது, நான் எண்ணிப் பார்த்தேன்.

உதவிப் பொறியாளர் டேப்பும் பைக்குமாகப் போய்வந்து
அறிக்கை கொடுத்தார்:
சுங்கன்முக்கில் விளக்கு ஏற்கெனவே எரிகிறது.
ஜோயிக்குட்டி என்பவரின் பஞ்சர் கடைப் பல்பு.
சோதனைச் சாவடியில் காத்துக்கிடக்கும் லாரிகளுக்காக
ராத்திரி முழுக்க.
கடையின் முன்கால் நம் எல்லையில், பின்கால் அவர்கள் எல்லையில்.
மின் இணைப்பு எங்கிருந்து வருகிறது என்பது
தெரியவில்லை.

அனுமதியில்லாத விளக்கு என்று
அவருக்கு நோட்டீஸ் போயிற்று.
ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும்.
அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

ஆறாம் நாள் வந்தார்,
கையெல்லாம் கிரீஸ், நோட்டீஸை
நகநுனியில் பிடித்தபடி.
பையிலிருந்து ரசீதுகள். ஒரு கட்டு
அந்தப் பஞ்சாயத்துக்குக் கட்டிய தொழில்வரி.
இன்னொரு கட்டு நமக்கு.
இரண்டுக்கும் இருபத்திரண்டு வருஷம், ஒரு பைசா பாக்கியில்லை.

"சேச்சி, பல்ப அணைக்கணும்னா அணைக்கிறேன்.
எந்தப் பாதிய முதல்ல?"

அவரை உட்காரச் சொன்னேன்.
விளக்கத்தை எழுத்தில் தர வேண்டும்,
தாள் நான் தருகிறேன் என்றேன்.
தமிழில் எழுத வராது, சொல்கிறேன் என்றார்.
எழுதிக்கொண்டேன்.
வெளியே மழை பிடித்திருந்தது.
தேதிக்குப் பக்கத்தில் அதையும் சேர்த்தேன்.