பலகையில் இடமில்லை

நான்கு திருகாணி.
மூன்று வந்துவிட்டன. நான்காவது
துருவேறிச் சுவரோடு
கல்யாணம் கட்டிக்கொண்டிருந்தது.
ஏணியின் ஏழாம் படியில்
எண்ணெய் விட்டுக் காத்திருந்தேன்.
உருகுவே ஆற்றுக் காற்று இன்னும்
பழைய உப்பிறைச்சி ஆலையின் வாடையைச் சுமந்து வருவதாக
ஊரில் சொல்வார்கள்.
எனக்கு டீசல்தான் நாறியது.

இரிகோய்த்தி தெரு.
யாரைக் கேட்டாலும் அவர் ஒரு கர்னல்.
ரொட்டிக்கடை அல்சிதெஸ் மீசையைக்கூட வர்ணிப்பார்:
குதிரையில் வந்தாராம், எல்லையில் செத்தாராம்.
தபால்காரர் கணக்கில் அவர் மருத்துவர்,
மஞ்சள் காய்ச்சலை விரட்டியவர்.
மீசை மட்டும் இருவர் கதையிலும் உண்டு.

"எங்க தெருவ எங்க கொண்டுபோறீங்க?"
கீழே ஒருத்தி.
கக்கத்தில் பந்து, முழங்காலில் காய்ந்த ரத்தம்.
பதின்மூன்று வயசு இருக்கும். பேர் நெரேயா.

"எங்கயும் இல்ல.
இத்தன நாள் பாதிப் பேர்தான் இருந்துச்சு,
மீதியோட வந்திருக்கேன்."
புதுப் பலகையைத் திருப்பிக் காட்டினேன்:
லெயோகாதியா இரிகோய்த்தி, அச்சுக்கோப்பாளர்.

"கர்னல் பொம்பளையா?"

பணி உத்தரவோடு ஒரு தாள் குத்தியிருந்தார்கள்.
லாரியில் மாத்தே உறிஞ்சிக்கொண்டே படித்ததை
ஏணியிலிருந்தபடி சொன்னேன்.
ஈய எழுத்துகளை இடவலம் மாற்றிக்
கண்ணாடிக்குள் பார்ப்பதுபோல் படிக்கத் தெரிந்தவள்.
பக்கத்தில் நின்று கோத்த ஆணுக்குக் கொடுத்ததில்
பாதிக் கூலி அவளுக்கு.
ஓரிரவு முதலாளி ஒரு தலையங்கம் நீட்டினார்:
பெண்ணுக்கு ஏன் ஓட்டு ஆகாது.
மூளையின் எடை, அடுப்பின் புனிதம்,
வழக்கமான சங்கதி.
அவள் வாதாடவில்லை.
ஒரு காற்புள்ளி பிசகாமல் முழுவதையும் கோத்தாள்.
அடியில் ஒரே ஒரு வரிக்கு
இடம் மிஞ்சியது.
அங்கே, பொடி எழுத்தில்:

*மேற்கண்டதைப் பிழையின்றிக் கோத்தவள் ஒரு பெண்.*

காலையில் ஊர் சிரித்தது.
மதியத்துக்குள் வேலை போயிற்று.

"அப்புறம்?"

அப்புறம் தாளில் அதிகமில்லை.
சலவைக்குப் போனாள் என்று ஒரு குறிப்பு,
பக்கத்தில் கேள்விக்குறி.
செத்து வெகுகாலம் கழித்துத் தெருவுக்குப் பேர் வைத்தபோது
எழுத்துக்கு இத்தனை காசு என்று பலகைக்காரன் கேட்க
நகராட்சி முதற்பெயரை வெட்டிக்கொண்டது.
வெட்டிய இடத்தில்
மீசை முளைத்தது.

நெரேயா கண்கலங்குவாள் என்று நினைத்தேன்.
அவள் கவலை வேறு:
"எங்க டீம் பனியன்ல மீசை வரஞ்சிருக்கோமே,
பதினோரு பனியன். என்ன பண்றது?"

"இருக்கட்டும்," என்றேன்.
"சிரிக்கத் தெரிஞ்சவதான்."

நான்காவது திருகாணி அப்போதுதான்
கிறீச்சென்று மனமிரங்கியது.

பழைய பலகை கிடங்குக்குத் திரும்ப வேண்டும், விதி.
கிடங்கில் யாரும் எண்ணுவதில்லை.
கொடுத்துவிட்டேன்.

லாரியில் ஏறிப் படிவத்தை எடுத்தேன்.
"பணியை முடித்தவன்", அதன் கீழே ஒரு கோடு.
பத்தொன்பது வருஷமாய் அந்தக் கோட்டில்
ஸுல்மா, ஸுல்மா என்று எழுதிவருகிறேன்.
இன்றைக்குப் பேனா கொஞ்சம் நின்றது.
'ன்' மேல் ஒரு கோடு இழுத்தேன்,
மேலே 'ள்' போட்டேன்.
மேற்பார்வையாளர் திருப்பி அனுப்புவார்.
அனுப்பட்டும், படிவங்களுக்குப் பஞ்சமில்லை.

திருப்பத்தில் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்.
புதுப் பலகை இடவலம் மாறி நின்றது,
அவள் வாழ்நாளெல்லாம் படித்த மாதிரி.
எழுத்துக் கூட்டிப் பார்த்தேன்,
பின்னால் ஹாரன் அடிக்கும்வரை.

தெரு நடுவே கர்னலை நட்டிருந்தார்கள்,
ஒரு பக்கக் கோல் கம்பமாக.
பந்து அதில் பட்டு டங்கென்றது.
உள்ளேயா வெளியேயா என்று
சண்டை தொடங்கிவிட்டது.