பாக்கி

பல்லவன் சாலை டெப்போவில்
ஷூவைத் துளைத்து ஏறிய ஆணி
பெரம்பூர் வந்தும் வலிக்கவில்லை.
சாக்ஸ் நனைந்த பிறகுதான் பார்த்தேன்.

சுண்டுவிரல் போயிற்று.
மிச்சக் காலுக்கு
வாரம் மூன்று நாள் லேசர்.
எனக்கும் ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு
சிவப்பு வெளிச்சத்தைப் புண்மேல் பிடிக்கிறாள்
ஹெப்சிபா சிஸ்டர்.
சூடில்லை, சத்தமில்லை.
நாற்றம் மட்டும் போன மாசத்துக்குத் தேவலை.

அவள் ஸ்கேல் வைத்து சென்டிமீட்டர் எழுதுகிறாள்.
எனக்குத் தெரிந்தது சில்லறைக் கணக்கு:
பொங்கலுக்கு இரண்டு பத்து ரூபாய்க் காசு அகலம்,
இப்போது ஒத்தை ரூபாய்.

இருபத்தெட்டு வருஷம்
டிக்கெட்டின் முதுகில் எழுதித் தந்து
'இறங்கும்போது வாங்கிக்கோ' என்றிருக்கிறேன்.
மறந்து இறங்கியவர்கள்தான் எத்தனை பேர்.

இன்று பஞ்சு பட்டதும்
சுருக்கென்றது.
கையை எடுத்துவிட்டாள் சிஸ்டர்.

வையும்மா.
அது என் பாக்கி.