சீனக்குடாக்காரி

சைபர் தசம் சைபர் இரண்டு.
அவ்வளவுதான் குறைவு,
ஒரு தும்மலுக்குள் அடங்கக்கூடிய எண்.
மாவட்டத்துக்கு இத்தனை பேர் என்று எண்ணி எடுத்து
எனக்கு மூன்று பேர் முன்னால்
கதவைச் சாத்தியிருந்தார்கள்.

கோபிதாவுக்கு மட்டக்களப்பு கிடைத்தது.
பால்ரொட்டி கொண்டுவந்தாள்.
நான் இரண்டு சாப்பிட்டேன்.
ரொட்டியில் குற்றமில்லை.

"இன்னொருக்கா எடு" என்றார் உயிரியல் சேர்.
"நேர்சிங் போடு" என்றா மாமி.
கிண்ணியா றிஸ்மியா
பங்களாதேசிலிருந்து குரல்பதிவு அனுப்பினாள்:
"சாப்பாடு பரவாயில்ல, காசுதான் கூட."

உட்துறைமுக வீதியில் ஏஜென்சி.
மேசையில் நாலு நாட்டுக் கொடி,
ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு விலை.
வெளியே வந்து பஸ் நிலையத்தடியில் நின்றபோது
மான் ஒன்று பின்னால் வந்து
கட்டண அட்டவணையின் கீழ்மூலையைத்
தின்றுவிட்டது.
ஆறாம் வருடத்துக்கு எவ்வளவு என்று
இன்றுவரை எங்களுக்குச் சரியாகத் தெரியாது.

அப்பா சீனக்குடாவில் மா ஆலை.
மூட்டை ஏற்றுகிறவர்.
லொறிக்காரர் சிரித்தார்களாம்:
"சீனக்குடாவில இருந்து சீனாவுக்கோ?
குடாவை மட்டும் விட்டிட்டுப் போறாள் பிள்ளை!"
அப்பாவும் சேர்ந்து சிரித்தாராம்.
இரவு அலுமாரியைத் திறந்து
உறுதியை எடுத்து விரித்தார்.

அது எனக்கென்று வைத்த வீடு.
கலியாணத்தன்று என் பெயருக்கு மாற
அம்மா பொத்திவைத்தது.
எனக்குத் தர இருந்ததை
எனக்காகவே ஈடு வைத்தார்கள்.
சாட்சிக்கு நானும் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டேன்.
நொத்தாரிசு நிமிர்ந்து பார்த்தார்.
"சாட்சிக்கு வேற ஆக்கள் இருக்கினம்,
நீர் போய்ப் படியும்."

இரவு ரயில்.
கந்தளாய் தாண்டுமட்டும் அம்மா வாய் திறக்கவில்லை.
பிறகு கேட்டா:
"அங்க பல்லி இருக்குமோ?"

அந்த நகரத்தில் கடல் இல்லை.
அது பெரிய விஷயமில்லை.
ஊரிலும் நான் கடல் பார்த்தது குறைவு,
ரியூசனுக்கே நேரம் சரி.
குளிர்தான் ஆளை விடாது.
வெட்டி வைத்த உடம்புக்கு முன்னால் நின்று
நரம்புகளின் பெயரை ஆங்கிலத்தில் ஒப்புவிப்பேன்.
பல் கிட்டும்.
பயம் என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

நாலாம் வருடம் வாட்.
புத்தகம் ஆங்கிலம், நோயாளி சீனம்.
பஸ் சாரதி ஒருவர்
வயிற்றைப் பிடித்தபடி, "தெங், தெங்" என்றார்.
நோ என்று பொருள்.
தெரியும், சோதனையில் வந்த சொல்.
என்றாலும் முதல் கணத்தில்
தமிழ்ப்பாடத்துத் தெங்கு ஒன்று
குலையோடு எழும்பிற்று தலைக்குள்.

குத்துதா
உளையுதா
எரியுதா
முறுக்கி முறுக்கி விடுதா
இல்லாட்டி, சொல்லத் தெரியாத ஒரு அந்தரமா?
இத்தனைக்கும் அவருடைய பாஷையிலும் சொல் இருக்கும்.
என்னிடம் இருந்தது ஒன்று.
அதையும் அவரே சொல்லிவிட்டார்.

கையை வைத்து மெல்ல அழுத்தினேன்.
பேசாமல் கிடந்தார்.
சட்டென்று எடுத்தேன்,
துள்ளிவிட்டார்.
பெரிய டொக்டர் தலையாட்டினார். குடல்வால்.
எனக்கு அன்று முழுக்கப் பசிக்கவில்லை,
சந்தோசமா என்னவென்று தெரியாது.

இரவு வீட்டுக்கு எடுத்தேன்.
எனக்கு ஒன்பதரை, அங்கே ஏழு.
அப்பா வேலைக்கு வெளிக்கிட்டு நின்றார்.
சேட்டின் மேல் பொத்தான் பூட்டப்படவில்லை.
அம்மா பின்னாலிருந்து சொன்னா:
"தோள் நோகுதெண்டு ரெண்டு கிழமையா அரட்டுறார்."

"எப்பிடி நோகுது? குத்துதா, உளையுதா?"
"சும்மா பிடிப்பு."
"கையைத் தூக்குங்கோ பாப்பம்."
தூக்கினார், நேரே, மேலே,
விரல் கூரைத்தகட்டில் முட்டுமட்டும்.

"அது இடது. வலதைத் தூக்குங்கோ."

"பிள்ளை, நெற் சரியில்ல.
ஒண்டும் கேக்குதில்ல" என்றார்,
தண்ணீர் போலத் தெளிவாக.