அடங்கல்

கிராம நிர்வாக அலுவலர் ஊருக்குப் புதுசு.
ஸ்கூட்டரை எங்கள் வரப்பில் சாய்த்துவிட்டு
பேனா மூடியைக் கடித்தபடி கேட்டார்:
"இத என்னன்னும்மா எழுத?"

நாலு ஏக்கர் பத்து சென்ட்.
பள்ளத்தூருக்கு மேற்கே, சரளை மண்.
மாமனார் காலத்தில் முழுக்கத் தைலமரம்.
சில வருஷத்துக்கு ஒருமுறை லாரி வந்து
காகிதம் ஆக்க ஏற்றிக்கொண்டு போகும்.
மூன்றாம் வெட்டுக்குப் பின்
கிணற்றில் விட்ட வாளி
தண்ணீரைத் தேடிப் பாறையில் இடித்தது.
அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.
அவ்வளவுதான். கொள்கை என்று ஒன்றுமில்லை.

மரம் போனாலும் மூடு போகாது.
வெட்ட வெட்ட ஏழெட்டாய்த் துளிர்க்கும்.
பொக்லைனுக்குக் காசில்லை,
கடப்பாரை இரண்டு இருந்தது.
வயிரவன் தோண்ட, நான் துளிர் ஒடிக்க,
மோட்டாருக்குக் காயில் கட்டும் கொழுந்தன் சேவுகன்
காரைக்குடியிலிருந்து ஞாயிறு மட்டும் வர,
இரண்டு வருஷம்.
கையில் தைல வாசம், சோற்றிலும்.
சளி மட்டும் யாருக்கும் பிடிக்கவில்லை.

விதைக்கு எங்கே போவது?
வீரையும் பாலையும் காசானும் மிச்சமிருப்பது
அய்யனார் காட்டுக்குள்.
அங்கே சுள்ளி ஒடித்தால்
ராத்திரி குதிரை வீடு தேடி வருமாம்.
வயிரவன் இதையெல்லாம் நம்பமாட்டான்.
ஒடிக்கவும் மாட்டான்.

காட்டெல்லைக்கு இந்தப் பக்கம்
பாறைமேல் மரநாய் போட்டுவிட்டுப் போனதை
உமையாள்தான் குச்சியால் கிளறினாள்.
கழுவினால் பாலை விதை,
கருப்பட்டிச் சில்லு மாதிரி மினுமினுவென்று.
"எடுக்காதேன்னுதானே சாமி சொல்லுச்சு.
இது அது குடுத்தது" என்றாள்.
பத்து வயசில் வக்கீல்.
அந்த ஆடி முழுக்க
டால்டா டப்பாவும் கையுமாய்
மரநாய்க்குப் பின்னால் அலைந்த குடும்பம் நாங்கள்.
ஊர் சிரித்தது. சிரிக்காதா பின்னே.

கன்றுக்கு இடையே வரகு, துவரை,
வரப்போரம் மொச்சை.
முதல் வருஷம் வரகு பதினோரு மூட்டை.
வீரை வளர்வதைப் பார்க்க
இன்னொரு பிறவி எடுத்து வரவேண்டும்;
புங்கன்தான் முண்டிக்கொண்டு மேலே போனது.
அப்புறம் நிழல் நடக்கக் கற்றுக்கொண்டது.
பதினொன்று எட்டாகி
எட்டு ஐந்தரையாகி
உமையாளின் நோட்டில் இறங்கிக்கொண்டே வந்தது.

ஒருநாள் ராத்திரி வயிரவன் அரிவாள் தீட்டினான்.
தெற்கு வரிசைப் புங்கன் மொத்தமும்
விடிவதற்குள் கீழே கிடக்கும் என்றான்.
வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.
கூட்டுறவுச் சங்கத்தில் நகை இருந்தது,
அதுவும் என்னுடையதுதான்.
டார்ச் பிடித்துக்கொண்டு கூடப் போனேன்.

இரண்டு மரம் விழுந்தன.
மூன்றாவதில் கரிச்சான் கூடு.
நின்றான். பீடி பற்றவைத்தான்.
பிறகு கிளைகளை மட்டும் கழித்தோம்,
வானம் தெரிகிற அளவுக்கு.
தழையைத் துவரை அடியில் பரப்பினோம்.
வெளிச்சமே எட்டாத கீழ்மூலையில்
வரகை விட்டுவிட்டுக் கருணை ஊன்றினோம்.
இப்போது அதில் பன்றி பாதி, நாங்கள் பாதி.
கிணறு ஒன்றும் வழியவில்லை.
வாளி சித்திரையில் மட்டும் இடிக்கிறது.

"தோப்புன்னு போட்டுரலாமா?
இல்ல, தோப்புன்னா ஒரே மரமா நிக்கணும்.
புஞ்சைன்னா நடுவுல இவ்வளவு மரம் எதுக்குன்னு கேப்பாங்க.
காடுன்னு எழுதினா
உங்களுக்கே வம்பும்மா."
வறுத்த மொச்சையை மென்றுகொண்டே யோசித்தவர்
கடைசியில் பென்சிலில் எழுதினார்:
தரிசு.

அப்புறம் மாத்திக்கலாம் என்று
வண்டியை நோக்கித் திரும்பி
ஒரு காலைத் தூக்கினார்.
வரப்பின் அந்தப் பக்கமிருந்து
பள்ளிக்கூடப் பாவாடையோடு ஓடிவந்தாள் உமையாள்,
பதினாறு வயசு, கையில் அதே டப்பா.
அவர் செருப்புக்கு நாலு விரல் தள்ளி
ஈரம் காயாத எச்சம்.
எங்கள் மண்ணில் முதல் தடவை.
உள்ளே நாங்கள் நட்டிராத
ஏதோ மரத்தின் கொட்டைகள், சிவப்பாய்.

"சார், சார்,
மிதிச்சிராதீங்க,
நாத்தங்கால்."