நாற்பத்தொன்பதும் அறுபத்தெட்டும்

குஷிரோ விமான நிலையம். பிப்ரவரி.
வெளியே மைனஸ் பதினான்கு.
என் மேசையில் ஒரு மணி உண்டு, யாரும் அடிப்பதில்லை.
வருகிறவர்கள் தாளைத்தான் முதலில் நீட்டுகிறார்கள்.

அவர் நீட்டியது சாம்பல் நிறச் சிறு புத்தகம்.
படம், முத்திரை, பல மொழிகளில் ஒரே வாக்கியம்.
ஃப்ளுரின் ஸ்பெஷா, சுவிட்சர்லாந்து, வயது அறுபத்திரண்டு.
எல்லாம் சரி.
ஆண்டு மட்டும் தவறு.

"இது அறுபத்தெட்டின் வியன்னா ஒப்பந்தப்படி தந்தது.
நாங்கள் ஏற்பது நாற்பத்தொன்பதின் ஜெனீவா."

"ஜெனீவா எங்கள் ஊர்."

"ஆமாம்."

"எங்கள் ஊர்க் காகிதம் உங்களிடம் இருக்கிறது,
என்னிடம் இல்லை?"

இதற்கும் ஆமாம் என்றேன். என் வேலையில் பாதி
ஆமாம் என்றபடி சாவியைத் தராமலிருப்பது.

சுவிஸ் உரிமத்தோடு ஜப்பானிய மொழிபெயர்ப்பு இருந்தால் போதும்.
அது வந்துசேர ஒரு வாரம் ஆகலாம்.
அவருக்கு இருப்பதோ மூன்று நாள்,
அதில் ஒன்று ஏற்கெனவே இருட்டிவிட்டது.

கோபப்படவில்லை. விரலால் மேசைமேல் ஒரு சாலை வரைந்தார்:
வளைவு, வளைவு, மறுபடி வளைவு.
முப்பத்தெட்டு வருடம் மலைக் கணவாயில்
மஞ்சள் அஞ்சல் பேருந்து ஓட்டியவராம்.
திருப்பத்தில் ஊதும் ஹாரனை வாயாலேயே ஊதிக் காட்டினார்.
மூன்று சுரம்.
வரிசையில் நின்ற ஒசாகா குடும்பம் திரும்பிப் பார்த்தது.

"உங்களுடையதைக் காட்டுங்கள்," என்றார் கடைசியில்.
காட்டினேன். பொன் பட்டை போட்ட உரிமம்.
ஐந்தாண்டாக ஒரு குற்றமும் இல்லை என்று அதற்குப் பொருள்.
குற்றம் எப்படி வரும்?
பயிற்சிப் பள்ளியை விட்டபின் நான் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை.
வேலைக்குப் பேருந்தில் வருகிறேன்.
எங்களைப் போன்றவர்களுக்கு இங்கே பெயர் பேப்பர் டிரைவர்.

மேலாளர் டொமாபெச்சி விதிப்புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார்.
"ஊழியர் விடுமுறை நாளில் வாடகைக்கு எடுக்கத் தடை இல்லை.
இன்ஷூரன்ஸ் மட்டும்
முழுதாகப் போட்டுக்கொள்."

ஞாயிறு, விடியுமுன் ஐந்து மணி.
வலப்பக்கம் நான், இடப்பக்கம் அவர்.
அவர் பக்கத்தில் பிரேக் இல்லை,
ஆனாலும் அவருடைய வலது கால் மிதித்துக்கொண்டே வந்தது.
எனக்கு முன்னால் மிதித்தது.
ஆற்றோர வளைவில் வண்டி வழுக்கியபோது
நான் மிதிக்கப் போனேன்.
"வேண்டாம். காலை எடு. பார்க்கும் இடத்துக்குப் போகும்."
பார்த்தேன். போனது.
அடுத்த வளைவுக்கு மெதுவாக ஊதினார், மூன்று சுரம்,
எதிரே யாருமில்லாத சாலைக்கு.

கொக்குகள் இருந்தன. ஆற்றில் ஆவிக்குள்
ஒற்றைக்காலில், நூற்றுக்கும் மேல்.
அவர் கேமராவை எடுக்கவில்லை.
நான் நடுங்கும் கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
எந்தக் கியரில் நிறுத்தினேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் சாவியை என்னிடமே நான் ஒப்படைத்தேன்.
கீறல்: இல்லை. பெட்ரோல்: நிறைவு.
இடப்பக்க மிதியடியில் குதிகால் அழுத்திய பள்ளம்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
கூடுதல் ஓட்டுநர் என்பதற்கு இருக்கிறது.
அங்கே ஒரு கோடு போட்டேன்.
கை இன்னும் சாலையில் இருந்தது போல,
கோடு இரண்டு இடத்தில் வளைந்துவிட்டது.